குருசடியில் சொன்ன வார்த்தை

சவப்பெட்டி கோயில் நடையிறங்கி மணலுக்கு வந்தபோது கயித்தானுக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: பிரசங்க நேரத்தில் கோபுரத்துக் குழாய் ஸ்பீக்கர் பேசியதா, பேசவில்லையா. பெட்டிக்குள் கிடப்பவன் இஞ்ஞாசி மச்சாது, அவருடைய வயதுக்காரன், சின்னதில் ஒரே பீடத்தில் அவரோடு பூசைக்கு உதவியவன். அந்தப் பெட்டியைப் பார்க்காமல், முன்னால் போகிற கறுப்புத் துணி கட்டிய குருசையும் பார்க்காமல், அவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு கோபுரத்தையே பார்த்தபடி நடந்தார். திசைக்கொன்றாக வாய் பிளந்து நிற்கிற குழாய்களில் கிழக்கே பார்த்தது தெக்லாவின் அடுப்படிக்கு நேர். தங்கச்சிக்கு முழங்கால் வாதம், அடக்கத்துக்கு வரவில்லை, ஆனால் காதில் ஒரு குறையும் இல்லை. திருநாள் நவநாளெல்லாம் அடுப்படியில் இருந்தே கேட்பாள், சாமியார் எந்த இடத்தில் எச்சில் விழுங்கினார் என்றுகூடச் சொல்வாள். குழாய் பேசியிருந்தால் அவள் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் இந்நேரம் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைக்கப்போய், அந்த நினைப்பு ஓரிடத்தில் முள்ளில் வலை மாட்டினதுபோல் மாட்டிக்கொண்டது, இழுத்தால் கிழியும், விட்டால் நகராது. வெயில் இன்னும் தாழவில்லை. செருப்புக்குள் மணல் சுட்டது. சாம்பிராணிப் புகையும் காயப்போட்ட கருவாட்டு வாடையும் ஒன்றாக வந்தன, இந்தக் கரையில் செத்தவர்களுக்கெல்லாம் அதே வாடைதான், அப்பாவுக்கும் அதுதான். மின்கம்பத்தில் இஞ்ஞாசியின் படம் போட்ட கண்ணீர் அஞ்சலித் தட்டி காற்றில் உப்பி உப்பி அடங்கியது, அவன் மூச்சு விடுகிற மாதிரி. படத்துக்குக் கீழே ஆர்.ஐ.பி. அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. அது தெரியாமலே இருந்திருக்கலாம். ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம்.

ரெக்ஸ் சாமி நல்ல பிள்ளை, ரோமையில் படித்துவிட்டு வந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது. செத்தவருக்கு இலத்தீன் என்றால் உயிர் என்று கேள்விப்பட்டு, பிரசங்கத்தையே அதை வைத்துக் கட்டினார். நமக்கு இலத்தீன் தெரியாது என்று நினைக்கிறீர்கள், காலையில் எழுந்ததிலிருந்து அதைத்தானே பேசுகிறீர்கள் என்று ஆரம்பித்தார். என் பேரே இலத்தீன், ரெக்ஸ் என்றால் ராசா, ஆனால் சம்பளத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது என்றார், துக்க வீட்டுச் சனம் என்றும் பாராமல் இளவட்டங்கள் சிரித்தார்கள். குருசின் உச்சியில் எழுதியிருக்கிற நான்கு எழுத்தில் மூன்றாவது அந்த ராசாதான். செல்போனில் ஏ.எம்., பி.எம். என்று பார்க்கிறோமே, நடுப்பகலுக்கு முன், நடுப்பகலுக்குப் பின், அதுவும் இலத்தீன். போனஸ் என்றால் நல்லது. வைரஸ் என்றால் விஷம். எட்செட்ரா என்றால் மற்றவையும். ஆர்.ஐ.பி. என்றால் ரெக்வியெஸ்காத் இன் பாச்சே, சமாதானத்தில் இளைப்பாறுக. பக்கப் பலகையில் உட்கார்ந்திருந்த கயித்தானுக்கு அதுவரை இதமாகத்தான் இருந்தது. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, கோயில்பிள்ளையாக மெழுகுதிரி கொளுத்தியும் மணியடித்தும் காலத்தைக் கழித்தவர். சின்ன வயதில் வாய் வலிக்க மனப்பாடம் செய்த பாஷையை யாரோ மறுபடி தட்டித் துடைத்து வெயிலில் காட்டியது போலிருந்தது. டீசல் மானியத்துக்கு எல்லோரும் அஃபிடவிட் கொடுக்கிறீர்கள், அந்தச் சொல்லும் இலத்தீன், அதன் அர்த்தம் 'சத்தியம் செய்து சொன்னான்' என்றார் சாமி. கயித்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதானே. சத்தியத்துக்கென்றே உள்ள பாஷை அது, நான் அப்போதே நம்பினது சும்மா இல்லை. அலிபி என்றால் 'வேறிடத்தில்' என்றார், போலீசிடம் சொல்கிறார்களே. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, போன புதன்கிழமை சாகக்கிடந்தவருக்கு எண்ணெய் பூச ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னார். மச்சாது ஐயாவுக்குப் பெற்ற மகனையே அடையாளம் தெரியவில்லை, ஆனால் ஒரே ஒரு இலத்தீன் வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு கிடந்தார். லவாபோ இந்தெர் இன்னொசெந்தெஸ் மானுஸ் மேயாஸ், எத் சிர்க்கும்தாபோ அல்தாரே தூவும் தோமினே. பழைய பூசையில் சாமியார் விரல் கழுவும்போது வாய்க்குள் சொல்கிற சங்கீதம் அது. மாசற்றவர்கள் நடுவே என் கைகளைக் கழுவுவேன், ஆண்டவரே, உம்முடைய பீடத்தைச் சுற்றி வருவேன். எவ்வளவு வெள்ளை மனசு பாருங்கள் என்று சாமி சொன்னபோது பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கயித்தானுக்குக் காலுக்குக் கீழே சிமெண்டுத் தரை இல்லை.

விரல் கழுவுகிற வரி. குருசடி அப்படியே கண்ணுக்குள் வந்தது, சுண்ணாம்பு உதிர்ந்த மேடை, எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே கையகலக் குருசு. இருவருக்கும் அப்போது வாலிப வயசு, மறுநாள் இஞ்ஞாசிக்குத் தோணி, தூத்துக்குடியிலிருந்து கொழும்பு, அங்கே சித்தப்பா கடை. அப்பாவைக் கடல் கொண்டுபோய் வருசம் திரும்பியிருக்கவில்லை, வீட்டுக்கு ஆம்பிளை என்று இருந்தது கயித்தான் ஒருவர். தெக்லாவும் அவனும் பார்த்துக்கொள்வது ஊருக்கே தெரியும், யாரும் தப்பாகப் பேசவில்லை, கல்யாணத்தில் முடிந்துவிடும் என்றுதான் பேசினார்கள். ஆனால் கொழும்புக்குப் போகிறவனை எதை வைத்துப் பிடிப்பது. கயித்தான் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ என்று. இஞ்ஞாசி சிரித்தான். "தமிழ்ல சொன்னா அது என்ன சத்தியம்டே? மீன் ஏலம் போடுறவன்கூட அம்மை மேல சத்தியம்னுதான் சொல்லுதான். நான் பூசை வார்த்தையில சொல்லுதேன், கேட்டுக்க." குருசின்மேல் கையை வைத்தான். கண்ணை மூடினான். இதே வரியை எவ்வளவு அழகாகச் சொன்னான், பாவி, ஒரு எழுத்துப் பிசகாமல், கடைசியில் தோமினே என்று இழுத்து. கயித்தானுக்கு அதில் அல்தாரே என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. பீடத்தைச் சாட்சியாக வைக்கிறான். அது போதும். பூசையில் அவனுக்கு எப்போதும் தண்ணீர்க் குப்பி, சாமியாரின் வாய்க்குப் பக்கத்தில் நிற்பான், வாய்க்குள் சொல்வதும் அவன் காதில் விழும். கயித்தானுக்கு அந்தப் பக்கம் மணி. மணிக்காரனுக்கு மணிச்சத்தம்தான் கேட்கும். என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, பீடம் அறியச் சொல்லுதேன், திரும்பி வந்து உன் தங்கச்சி கையைப் பிடிப்பேன், அவ்வளவுதான் என்றான். கையை. ஆம், கை என்று சொன்னான், அதை மட்டும் மாற்றவில்லை, கழுவுகிற கையைப் பிடிக்கிற கையாக்கிவிட்டான். கயித்தான் தலையைக் குனிந்து ஆமென் என்றார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த வரியைத் தவறவிடாமல் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்து, வீட்டு முற்றத்தில் முறத்தோடு நின்ற தெக்லாவிடம் ஒப்பித்தார். ஒரு தடவைதான். அவள் பிடித்துக்கொண்டாள்.

பிடித்தவள் விடவில்லையே. அதுதானே. அன்றைக்கு ராத்திரி செபமாலை முடிவில் அந்த வரியைச் சேர்த்தாள், பிறகு ஒருநாள் விட்டதில்லை. பெண் கேட்டு வந்தார்கள். படகுச் சொந்தக்காரன் மகன் வந்தான், பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தார், வார்த்தை கொடுத்திருக்கு என்று அண்ணனும் தங்கச்சியும் ஒரே குரலில் சொன்னார்கள், கெத்தாகத்தான் சொன்னார்கள், பூசை வார்த்தையில் கொடுத்திருக்கு என்று. அந்த வருசங்களில்தான் பூசை தமிழுக்கு மாறியது, சாமியார் சனத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார், இலத்தீன் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிப் பூட்டியது கயித்தானேதான். எல்லோர் வாயிலிருந்தும் அந்தப் பாஷை இறங்கிவிட்டது, தெக்லாவின் வாயில் மட்டும் ஒரு வரி நின்றது. பிறகு கொழும்பிலிருந்து ஆள் வந்து சொன்னான், இஞ்ஞாசிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெண் அங்குள்ள கடைக்காரர் மகள் லொரெத்தா. அன்றைக்குத் தெக்லா சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், பரிமாறினாள், ராத்திரி செபமாலைக்கு முட்டிபோட்டாள். இன்றைக்கு அந்த வரி வராது என்று கயித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். வந்தது. தோமினே என்ற இழுப்புகூட மாறாமல் வந்தது. வேண்டாமே தாயி என்றார் அவர். அவள் திரும்பாமலே சொன்னாள்: "மீறினது அவரு. வார்த்தை என்ன பண்ணிச்சு?" அந்த ஒரு பேச்சில்தான் அவள் இத்தனை காலமும் நின்றாள், மாலை மாற்றாத கழுத்தோடு, யார்முன்னும் கூசாமல். கைவிடப்பட்டவளாக அவள் தன்னை எண்ணவில்லை, வார்த்தை கொடுக்கப்பட்டவளாக எண்ணினாள். மீறினவனுக்குத்தான் வெட்கம், எனக்கென்ன என்பாள். இன்றைக்கும் ராத்திரி முட்டிபோட முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்லுவாள். சொல்லுவாளா.

மீறின சத்தியம் வேறு, கொடுக்காத சத்தியம் வேறு. இதைத்தான் மனசு சுற்றிச் சுற்றி வந்தது, செக்கு மாதிரி, சுற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று நசுங்கியது. மீறினவனுக்கு ஒரு நேரமாவது உண்மை இருந்திருக்கும். குருசின்மேல் கை வைத்த அந்த நேரம். பிறகு தூர தேசம், தனிமை, கடைக்காரர் மகள், மனுசன்தானே, விழுந்தான் என்று சொல்லலாம். அப்படித்தான் கயித்தான் சொல்லிக்கொண்டார். சொல்லிச் சொல்லி மன்னித்தார். கொழும்பில் கலவரம் வந்து, கடை எரிந்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு அவன் திரும்பி வந்தபோது கரையில் முதலில் போய்க் கட்டிப்பிடித்தவர் யார். சத்தியம் மீறின சாவான பாவத்தைச் சுமந்துகொண்டு அலைகிறான் பாவம் என்று செபமாலையில் ஒரு பத்து மணியை அவனுக்கென்றே ஒதுக்கியவர் யார். பாடற்குழுவில் பக்கத்தில் இடம் கொடுத்தார், வாதக்காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுபோனார். அவன் குடித்தான். ஒருநாளும் தெக்லா எப்படியிருக்கிறாள் என்று கேட்டதில்லை. குற்ற உணர்ச்சி, வாய் வரவில்லை என்று அதற்கும் இவரே காரணம் கண்டுபிடித்தார். அவன் ஒன்றையும் மீறவில்லை. குருசின்மேல் கை வைத்த நேரத்திலேயே அவன் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தான், அலிபி, போலீசிடம் சொல்கிறார்களே. போகும்போதே கையைக் கழுவிவிட்டுத்தான் போனான், அண்ணன்காரன் முன்னால், அண்ணன்காரன் ஆமென் சொல்ல. திருட வந்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடித்தாயிற்று. மன்னிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஏன் அதைச் சொன்னான். எத்தனையோ வரி தெரிந்தவன், பூசை முழுக்கத் தெரிந்தவன், அந்த ஒன்று ஏன். உறுத்தலா. யாரிடமாவது போய்ச் சேரட்டும் என்றா. இல்லை, வயசான நாக்கு பழைய தடத்தில் உருண்டதா. கடைசிவரைக்கும் அதை ஒரு நல்ல கேலியாக வைத்திருந்தானா. உறுத்தல்தான் என்று ஒரு அடிக்குத் தோன்றியது, கேலிதான் என்று அடுத்த அடிக்குத் தோன்றியது, இரண்டுக்கும் நடுவில் பெட்டி குலுங்கிக் குலுங்கிப் போய்க்கொண்டிருந்தது, அதற்குள் இருந்து ஒரு பதிலும் வரப்போவதில்லை.

மைக்செட் லூயிஸ் கைப்பெட்டி ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான், உபதேசியார் பிரார்த்தனை சொல்லச் சொல்ல அது கரகரத்தது. அவனிடம் கேட்டால் தெரியும். கேட்பதில் என்ன இருக்கிறது. இரண்டு தடவை அவன் பக்கத்தில் போனார், இரண்டு தடவையும் எதற்குக் கேட்கிறீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றி, வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி பின்தங்கினார். மூன்றாவது தடவை எலுமிச்சம்பழ நிறச் சட்டை போட்ட ஒருவன் இடையில் வந்துவிட்டான். கல்லறைத் தோட்டத்துச் சுவர் தெரிகிற வளைவில் லூயிஸே சுமையை மாற்ற நின்றான், வேறு வழியில்லை. பிரசங்கத்துக்குக் கோபுரத்துக் குழாய் போட்டியா லூயிசு என்று கேட்டார். போடாமல் என்ன மாமா, வராத சனம் வீட்டிலிருந்தே கேட்கட்டும் என்று அடுத்த ஊர் வரைக்கும் கேட்கிறமாதிரி முறுக்கி வைத்தேன் என்றான். கயித்தான் திரும்பிக் கிழக்குக் குழாயைப் பார்த்தார். பாதியில் கரண்டு போய்விட்டது, அது வேறு எரிச்சல் என்று அவன் தொடர்ந்தான், ஜெனரேட்டரில் கோயில் உள்ளே மட்டும்தான் பேசும், கோபுரத்துக்கு லைன் கிடையாது. எப்போது போச்சு என்று கேட்ட தன் குரல் கயித்தானுக்கே அந்நியமாக இருந்தது. லூயிஸ் யோசித்தான். "சாமி போனஸ் கீனஸ்னு சொல்லிட்டிருந்தாருல்லா, அப்பவோ, அதுக்குப் பொறவோ. ஏன் மாமா, உங்களுக்குப் போனஸ் வரணுமா?" என்று கண்ணடித்துவிட்டுப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். போனஸ், பிறகு வைரஸ், எட்செட்ரா, ஆர்.ஐ.பி., அஃபிடவிட், அலிபி, ஆஸ்பத்திரி. கயித்தான் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தார். தலைக்குமேல் மின்விசிறி நின்றதே, எதில் நின்றது. கழுத்தில் வேர்வை இறங்கியது ஞாபகம் இருக்கிறது, அது விசிறி நின்றதாலா, அந்த வரியைக் கேட்டதாலா. அஃபிடவிட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபோது காற்று முகத்தில் பட்டதா. பட்டது. படவில்லை. அஃபிடவிட்டோடு நின்றிருந்தால் நல்லது, சத்தியம் செய்து சொன்னான் என்பதோடு அவள் காதுக்கு எல்லாம் முடிந்திருக்கும், சாகிறவரைக்கும் அவள் அப்படியே இருக்கலாம். நான் வாயைத் திறக்கமாட்டேன். மூடிக்கொண்டு எப்படி இருப்பேன், ராத்திரி அவள் அதைச் சொல்லச் சொல்ல எதிரில் உட்கார்ந்து. அவன் ஏமாற்றினதுபோல் நானும் ஒவ்வொரு ராத்திரியும் அவளை ஏமாற்றவேண்டும்.

குழிக்குள் பெட்டி இறங்கும்போது கயிறு முனகியது. சாமி தீர்த்தம் தெளித்தார், லொரெத்தா மருமகள் தோளில் சாய்ந்திருந்தாள், அவளும் கிழவியாகிவிட்டாள், அவள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கயித்தானும் குனிந்து அள்ளினார், ஈர மண், அடியில் சிப்பித் துண்டு குத்தியது. வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. கையை நீட்டினார், விரல் விரியவில்லை. போடு, போட்டுவிட்டுப் போ, சமாதானத்தில் இளைப்பாறட்டும் என்று தனக்குத்தானே சொல்லிப்பார்த்தார், மூடின கை மூடினபடியே இருந்தது, பின்னால் நின்றவர் செருமினார், கயித்தான் அப்படியே விலகி நடந்தார். தோட்டத்து வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீர் வைத்து, இஞ்ஞாசியின் மகன் ஜெரோம் மக்கில் மொண்டு வருகிறவர்களின் கையில் ஊற்றிக்கொண்டிருந்தான், அடக்கத்துக்கு வந்தவர்கள் கைகால் கழுவாமல் வெளியே போவதில்லை. அப்பனின் நெற்றி, அப்பனின் அதே மெல்லிய விரல்கள், தண்ணீர்க் குப்பி பிடித்த விரல்கள். கையை நீட்டுங்க மாமா என்றான். அப்பாவுக்கு உங்களை விட்டால் யார் இருந்தா என்றும் சொன்னான், கண் சிவந்திருந்தது. மக்கின் விளிம்பில் தண்ணீர் ஆடியது. கயித்தான் இல்லை என்று தலையை அசைத்தார், மூடின கையை மார்போடு வைத்துக்கொண்டு தாண்டிப் போனார். வயசான மனுசன், கலங்கிப்போய்விட்டார் என்று யாரோ சொல்வது கேட்டது.

தெரு திரும்பினதும் வீடு. அடுப்பில் புகை இல்லை. அது ஒன்றையும் காட்டாது, துக்க நாளில் தெக்லா மத்தியானச் சோற்றோடு நிறுத்திக்கொள்வாள். வாசலுக்கு வெளியே, முருங்கை மரத்தடியில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் செம்பும். அதுவும் ஒன்றையும் காட்டாது, அடக்கத்துக்குப் போய் வருகிறவனுக்கு எந்த வீட்டிலும் தண்ணீர் வைப்பார்கள். முகத்தைப் பார்த்தார். எப்போதும்போல் இருந்தது. எப்போதும்போல் இருக்கிற முகம்தான் அவளுக்கு எப்போதும். அடக்கம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டாள், முடிந்தது என்றார். சனம் உண்டா என்றாள், உண்டு என்றார். கரண்டு போச்சே, உள்ளே புழுங்கியிருக்குமே என்றாள். எப்போது போச்சு என்று கேட்க வாயெடுத்து, வேட்டியைச் சரிசெய்தார். அவள் நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து செம்பில் தண்ணீர் மொண்டாள். கையை நீட்டச் சொன்னாள், நீட்டினார். கையில் என்ன என்றாள். மூடின விரல்களை அவளே ஒவ்வொன்றாக விரித்தாள், மண் அப்படியே அச்சு வார்த்தது போல் இருந்தது. போடாமலே கொண்டுவந்திட்டியா என்றாள், கேள்வியாக இல்லை. பிறகு செம்பைச் சாய்த்தாள். தண்ணீர் மெல்லிய கம்பியாக விழுந்தது, விழ விழ அவள் சொன்னாள், ராத்திரி சொல்லுகிற அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல், லவாபோ இந்தெர் இன்னொசெந்தெஸ் மானுஸ் மேயாஸ்.

"கை கழுவுறப்ப சொல்லுத வார்த்தையாமே அண்ணே இது."

கயித்தான் கையை இன்னும் முன்னால் நீட்டினார். மண் கரைந்து விரலிடுக்கில் இறங்கியது.

"சாமி தமிழ்ல சொல்லி முடிச்சாரு, பொறவுதான் கரண்டு போச்சு. சாமி இன்னொரு தடவை சொன்னா சரியா கேக்கலாம்னு இருந்தேன்." அவள் செம்பை மறுபடி மொண்டாள். "அவன் கை கழுவின தண்ணியை வச்சு நான் இத்தனை வருசம் செபம் பண்ணியிருக்கேன். தேச்சுக் கழுவு, நகத்துல இருக்கு."

அவர் தேய்த்தார். அவள் மறுபடி ஊற்றினாள். எத் சிர்க்கும்தாபோ அல்தாரே தூவும் என்றாள், நிறுத்தினாள், தோமினே என்று இழுக்காமல் சும்மா சொன்னாள், கூப்பிடுகிற மாதிரி. முருங்கை மூட்டில் தண்ணீர் தேங்கி, சுற்றி, மணலுக்குள் போனது.

"அன்னைக்கு ஆமென் சொன்னது நீதானே?"

"நான்தான் தாயி."

"இப்பவும் சொல்லு. இன்னைக்குத்தானே நிசமாவே கை கழுவுதோம்."

அவர் ஈரக் கையைத் துடைக்காமல் நின்று ஆமென் என்றார். மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டுமோ என்று அவள் முகத்தைப் பார்த்தார். தெக்லா வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை மரத்தடியில் சாய்த்துவிட்டு, வாளியையும் அதன்மேல் செம்பையும் கவிழ்த்து வைத்தாள்.